இன்று வராதவர்கள்

“பஸ் இன்னிக்கும் நிக்கலடா. புள்ள கையக் காட்டுறா, டிரைவர் டாட்டா காட்டிட்டுப் போறான்!”

அக்கா போனில் கத்தியது பக்கத்து மேசை வரை கேட்டது. பள்ளிப் பேருந்துக்கான மென்பொருளைச் செய்தது எங்கள் கம்பெனி. அதை அவளிடம் பெருமையாகச் சொல்லித் தொலைத்தவன் நான். போன வாரம் காய்ச்சல் என்று மகளுக்கு ஒருநாள் லீவு போட்டாள். ‘இன்று வராதவர்கள்’ பட்டியலில் ஏறிய பெயர் இறங்கவே இல்லை. ஓட்டுநரின் திரையில் குழந்தைக்கு இன்னும் காய்ச்சல். இப்படி மாட்டிக்கொண்ட மற்ற பெற்றோர் பள்ளியைத் திட்டினார்கள்; அக்காவுக்குத் திட்ட வீட்டிலேயே ஆள் இருந்தது.

“தெனம் நானே கொண்டுபோய் விட்டுட்டு வேலைக்கு லேட்டா போறேன். நாளைக்கும் லேட்டுன்னா வீட்டுலயே இருந்துக்கோன்னுட்டாரு எங்க மேனேஜர். பாத்துக்க.”

நிரலைத் திறந்தேன். தவறு உடனே தெரிந்தது. யாருடையது என்பதும் தெரிந்தது. பெயர்ப்பலகையில் ‘தலைமைத் தீர்வுச் சிற்பி’ என்று பொறித்துக்கொண்ட எங்கள் மேலாளர், பைத்தான் நிரல்மொழியில் தம் கைப்பட எழுதிய ஒரே வரி அது. தினமும் விடிந்ததும் பட்டியலைக் காலி செய்ய வேண்டும். அவரோ புதிதாக ஒரு காலிப் பட்டியலைச் செய்து, அதற்குப் பழையதன் பெயரைச் சூட்டிவிட்டார். ஓட்டுநரின் திரை பழையதையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பழையதற்கே ஒரு ‘கிளியர்’ கட்டளை போட்டால் தீர்ந்தது.

சிற்பியிடம் போய்ச் சொன்னேன். தம் கணினியில் பட்டியலை அச்சிட்டுக் காட்டினார். இரண்டு சதுர அடைப்புக்குறிகள், நடுவே ஒன்றுமில்லை.

“காலியா இருக்கா, இல்லியா?”

“இது காலிதான் சார். டிரைவர் பாக்குறது வேற லிஸ்ட்டு.”

“அப்ப டிரைவர மாத்தச் சொல்லுங்க.”

“சார், ஒரே ஒரு வரி. நீங்க ஓகே பட்டன அமுக்கினா போதும்.”

“இது கட்டமைப்பு சம்பந்தப்பட்ட விஷயம்யா. திங்கக்கிழமை மீட்டிங்ல ஆழமா விவாதிப்போம். அவசரம் தரத்துக்கு எதிரி.” அந்த வாக்கியம் அவருக்கே பிடித்துப்போய், எழுதி வைத்துக்கொண்டார்.

மாலைவரை என் திருத்தம் அவர் அனுமதிக்குக் காத்துக்கிடந்தது. அவர் காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை அக்கா வீட்டுத் தெருமுனையில் நின்றேன். அவளை வேலைக்குத் துரத்திவிட்டிருந்தேன். “மாமா, நீங்க ஆபீஸ் போகலையா?” என்றாள் பாப்பா. வளைவில் பேருந்து திரும்பியது, வேகம் குறையவில்லை. அவளை நடைபாதையிலேயே நிற்கச் சொல்லிவிட்டு, நடுரோட்டில் இறங்கி இரண்டு கைகளையும் விரித்தேன். ஹாரன் காதைக் கிழித்தது. சக்கரங்கள் கிறீச்சிட்டு, கையெட்டும் தூரத்தில் நின்றன.

ஓட்டுநர் குனிந்து திரையைப் பார்த்தார். பிறகு பாப்பாவைப் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார்.