ஏழு விரல் துரு

மாடசாமியின் காரில் இடப்பக்க முன்கதவுக் கண்ணாடி ஏழு வருஷம் தாமதமாக ஓடிக்கொண்டிருந்தது. மற்ற கண்ணாடிகளில் குறையில்லை. அவற்றின் வழியாகப் பார்த்தால் இன்றைய தேயிலையும் இன்றைய பனியும் தெரியும். இடப்பக்கம் திரும்பினால், போன தீபாவளிக்கு முன் வெட்டிய மரம் அதே சரிவில் இன்னும் நின்றுகொண்டிருக்கும். கம்போங் ராஜாவுக்கு மேலே உள்ள எங்கள் தோட்டத்தில் இதைக் கேள்விப்படாதவர்கள் கிடையாது. நம்பினோமா என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். நம்பாதவர்கள்கூட ஒரு தடவை உட்கார்ந்து பார்த்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டே இறங்கிப் போனார்கள்.

எல்லாம் ரத்தம் உறிஞ்சும் ஓர் அட்டையால் வந்தது. மாடசாமிக்கும் மாரியம்மாவுக்கும் ரூபினி ஒரே மகள். தேயிலைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தும் அவளுக்கு அட்டை என்றால் உயிர் போய்விடும். பதின்மூன்று வயதில், கோலா தெர்லாவில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது, காருக்குள் அவள் காலில் ஒன்று ஏறிவிட்டது. வீடு வந்து சேரும்வரை அவள் போட்ட கூச்சலில் மாடசாமிக்குக் காது அடைத்துப்போனது. அவர் தோட்டத்தின் கொழுந்து லாரியை ஓட்டுகிறவர். வண்டி விஷயத்தில் தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற நினைப்பு உண்டு. மறுநாள் காலை காருக்கு அடியில் படுத்து ஆராய்ந்தார். மகள் உட்காரும் இடப்பக்க முன்கதவின் அடிவிளிம்பில் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு மூன்று ஓட்டைகள் இருந்தன. அட்டை இந்த வழியாகத்தான் வந்திருக்கிறது என்று முடிவு கட்டினார். எங்கள் பக்கம் கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் சவுக்காரத்தையும் புகையிலையையும் குழைத்துக் காலில் தடவிக்கொள்வார்கள், அட்டை அண்டாது. அதையே கெட்டியாகப் பிசைந்து மூன்று ஓட்டைகளையும் அடைத்தார். வருஷம் தவறாமல் புதிதாகவும் அடைத்தார். அதன் பிறகு அந்தக் காரில் ஓர் அட்டைகூட ஏறவில்லை.

ரூபினி வளர்ந்து திரிங்காப்பில் ஒரு பூத்தோட்டத்துக்கு வேலைக்குப் போனாள். இருபது வயதில், ஜொகூரில் வேலை கிடைத்திருக்கிறது, போகப்போகிறேன் என்றாள். மாடசாமி அதற்குள் ஈப்போவில் ஒரு மாப்பிள்ளை வீட்டுக்கு வாக்குக் கொடுத்துவிட்டிருந்தார். ஒரு வாரம் அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. கடைசி நாள் அவர், "போறதா இருந்தா போ. ஆனா இந்தப் படியில திரும்ப ஏறாத" என்றார். அவள் ஒரு பையை எடுத்துக்கொண்டு மழையோடு இறங்கிப் போனாள். அவர் வாசலுக்குக்கூட வரவில்லை. பிறகு அவளுடைய போன் நம்பர் மாறிவிட்டது. யார் விசாரித்தாலும், திரும்பிக்கூடப் பார்க்காமல் போனவள் என்று மாடசாமி சொல்வார். வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தவருக்கு அது எப்படித் தெரியும் என்று யாரும் கேட்டதில்லை. சொல்லிச் சொல்லி, கண்ணால் பார்த்தது மாதிரியே அவருக்கு ஆகிவிட்டது.

மகள் போனதும் அவள் சீட்டில் மாரியம்மா உட்கார ஆரம்பித்தார். அப்போதே கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பருக்கு அடியில் துரு எட்டிப் பார்த்திருந்தது. ஒரு நாள் நல்ல வெயிலில் மாரியம்மா குடையை விரித்துக்கொண்டு காரிலிருந்து இறங்கினார். கடைக்காரர்கள் சிரித்தார்கள். வெளியே மழை கொட்டியது, நான் பார்த்தேன் என்று அவர் சாதித்தார். மழை முந்தின நாள் பெய்தது. மாடசாமி அவரைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் மூக்குக்கண்ணாடி போட்டுவிட்டார். போட்டதும் பழைய மழை இன்னும் தெளிவாகத் தெரிந்தது. துரு வளர வளரக் கண்ணாடி பின்தங்கியது. ஒரு நாள் தாமதம் ஒரு மாதமானது, மாதம் வருஷமானது. எல்லாருக்கும் குழப்பம்தான். மாரியம்மாவுக்கு மட்டும் ஒரு காலையில் குழப்பம் தீர்ந்தது. தோட்டத்து முச்சந்தி பஸ் ஸ்டாப்பில், சிவப்பு ஜாக்கெட்டும் கையில் சாப்பாட்டுப் பெட்டியுமாக, பூத்தோட்டத்து வேனுக்காக ரூபினி நின்றுகொண்டிருந்தாள்.

அன்று முதல் தினமும் காலை ஆறரைக்கு மாரியம்மா காரில் ஏறி உட்காருவார். மாடசாமி முச்சந்திவரை ஓட்டிப்போய் நிறுத்துவார். கண்ணாடிக்குள் வேன் வந்து மகளை ஏற்றிக்கொண்டு போனதும் இருவரும் வீட்டுக்குத் திரும்புவார்கள். இஞ்சினைச் சூடு பண்ணுகிறேன் என்று மாடசாமி ஊருக்குச் சொன்னார். அவர் ஒரு நாளும் இடப்பக்கம் திரும்பியதில்லை. பாதையைப் பார்த்தே உட்கார்ந்திருப்பார். கண்ணாடிக்குள்ளும் நாட்கள் நகர்ந்துகொண்டுதான் இருந்தன. மகள் பையோடு இறங்கிப் போகும் நாள் என்றைக்காவது அதிலும் வந்துவிடும் என்று மாரியம்மாவுக்கு உள்ளூரப் பயம். ஆனால் துரு ஒரு நூல் பரவினால் நாட்கள் கொஞ்சம் பின்னால் போகும். மழைக்காலத்தில் துரு நன்றாகப் பரவியது. உலகத்தில் துருவுக்காகச் சாமி கும்பிட்ட ஒரே மனுஷி அவராகத்தான் இருப்பார்.

அப்படியிருக்கையில், திரிங்காப் பாதையில் நின்ற ஒரு சாலை அதிகாரி காரை நிறுத்தி, ரப்பர் ஓரத்தைப் பேனாவால் தட்டிப் பார்த்தார். பேனா உள்ளே போய்விட்டது. பதினான்கு நாளைக்குள் சரிபண்ணிக் காட்ட வேண்டும், இல்லையென்றால் கார் ரோட்டில் ஓடக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பேனா கிடைக்காமலே போனார். சரிபண்ணினால் மகள் போய்விடுவாள். சரிபண்ணாவிட்டால் காரே போய்விடும். அதோடு மகளும் போய்விடுவாள். மாரியம்மா பதின்மூன்று நாள் யோசித்தார். பதினான்காவது நாள் கம்போங் ராஜாவில் யோகேந்திரனின் பட்டறைக்குப் போனார்கள்.

யோகேந்திரன் கார்களுக்குத் தகடு அடித்துச் சாயம் பூசுகிறவன். நல்ல வேலைக்காரன், ஆனால் அரைகுறையாக ஒன்றை விட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. முதலில் கதவின் அடியைத் தடவிப் பார்த்து, மூன்று ஓட்டைகளிலிருந்தும் சவுக்காரத்தைத் தோண்டி எடுத்தான். உள்ளே நின்ற தண்ணீர் அரை மணி நேரம் கொட்டியது. பட்டறை முழுக்கப் புகையிலை வாடை.

"அங்கிள், கண்ணாடி ஓரமா எறங்குற தண்ணி வெளிய போறதுக்குத்தான் லா இந்த ஓட்டை. நீங்க அடைச்சிட்டீங்க. தண்ணி உள்ளயே நின்னு, ரப்பருக்கு அடியில போய்த் தின்னுருக்கு."

"அட்டை வரும்லே" என்றார் மாடசாமி.

பிறகு ரப்பரை உரித்தான். துரு ஏழு விரல் அகலத்துக்குப் பரவிக் கிடந்தது. தேய்க்கும் மெஷினை வைத்தான். முதல் விரல் தேய்ந்ததும், கண்ணாடி வழியாக எதிர்வரிசைக் கடைகளைப் பார்த்துக்கொண்டிருந்த மாரியம்மா, ஒரு பெயர்ப்பலகை மாறிவிட்டது என்றார். யோகேந்திரனுக்குப் புரியவில்லை. அவனும் குனிந்து பார்த்தான். வெறும் கண்ணால் பார்த்தால் கைப்பேசிக் கடை. கண்ணாடி வழியாகப் பார்த்தால் உரக்கடை. அரை விரல் தேய்த்தால் அரை வருஷம், ஒரு விரலுக்கு ஒரு வருஷம் என்று கணக்குத் தெளிவாகவே இருந்தது. ஏன் என்பதுதான் தெளிவாக இல்லை. அவன் மெஷினைக் கீழே வைத்துவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்தான். குடித்தும் தெளியவில்லை. மறுபடி மெஷினை வைத்து ஒரு நூல் தேய்த்ததும், மாரியம்மா புருஷனின் சட்டையைப் பிடித்து இழுத்தார். "இங்க பாருங்க. நீங்களே பாருங்க" என்றார்.

மாடசாமி முதல் தடவையாக அந்தச் சீட்டில் உட்கார்ந்தார். கண்ணாடிக்கு வெளியே மழை. எதிரே பஸ் நிற்கும் இடத்தில் ரூபினி பையைக் காலருகே வைத்து நின்றுகொண்டிருந்தாள். ஜொகூருக்கு மாறிப் போக வேண்டிய ஈப்போ பஸ் வந்தது. அவள் ஏறவில்லை. தோட்டத்துப் பக்கமிருந்து வரும் பாதையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பஸ் போய், வெகுநேரம் கழித்து அடுத்த பஸ் வந்தது. அதிலும் அவள் ஏறவில்லை. பாதையில் ஏதாவது வெள்ளைக் கார் வந்தால் இரண்டு அடி முன்னால் வந்து பார்த்தாள். மாடசாமியின் காரும் வெள்ளைதான். சரியாக அந்த நாளில் எப்படி மெஷின் நின்றது என்று இன்றைக்குக் கேட்டாலும் யோகேந்திரன் விழிப்பான். மாடசாமி சீட்டைவிட்டு எழுந்திருக்கவில்லை. அறுபது வயது மனிதர், வேஷ்டி நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"இதோட நிப்பாட்டிடு தம்பி" என்றார் கடைசியில். "இப்படியே இருக்கட்டும்."

"நிப்பாட்டினா ஒரு மாசத்துல கதவு கையோட வந்துரும் அங்கிள். துருவ பாதியில விட முடியாது."

இருவரும் மாரியம்மாவைப் பார்த்தார்கள். இவ்வளவு காலம் அந்தத் துருவைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தவர் அவர். மாரியம்மா கண்ணாடியில் கை வைத்து மகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "நின்னுக்கிட்டே இருக்கா பாவம், கால் வலிக்கும். பஸ் ஏறட்டும். நீ தேய்ப்பா" என்றார்.

யோகேந்திரன் தேய்த்தான். ஒரு நொடியில் அவள் போய்விட்டாள். நோய்க்காலத்தில் கடைகள் எல்லாம் அடைத்துக் கிடந்த வருஷம் வந்தது, போனது. ஏழாவது விரல் முடிந்தபோது கண்ணாடி இன்றைக்கு வந்து நின்றது. மாரியம்மா வெளியே போய் ஒரு பலகையில் உட்கார்ந்துகொண்டார். அவர் முதுகைப் பார்க்கப் பார்க்க யோகேந்திரனுக்கு மனசு கேட்கவில்லை. இந்தக் கதவில் இனி துரு என்ற பேச்சே வரக்கூடாது என்று ஒரு வேகத்தில், துரு இருந்த இடத்தைத் தாண்டி, நல்ல தகட்டையும் சேர்த்து வெட்டினான். எவ்வளவு வெட்டினான் என்று அளக்கவில்லை. வெட்டிய துண்டுகள் பழைய இரும்புக் குவியலோடு போய்விட்டன. புதுத் தகடு வைத்து ஒட்டி, துரு பிடிக்காத சாயம் அடித்து, மட்டம் பார்த்துத் தேய்த்து, வெள்ளை பூசி, புது ரப்பர் பொருத்தினான். அதிகாரி வந்து தட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். கதவுக்குள் கிடந்த பேனாவும் அவருக்குத் திரும்பக் கிடைத்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது மாரியம்மா பழக்கத்தில் முச்சந்தியில் இடப்பக்கம் பார்த்தார். எங்கள் பஸ் ஸ்டாப் எப்போதும் மஞ்சள்தான். கண்ணாடிக்குள் அது பளபளவென்று நீலமாக இருந்தது. அதன் கீழே, தலைமுடியைக் குட்டையாக வெட்டிய ஒரு பெண், மூன்று வயது மதிக்கத்தக்க ஒரு சிறுமியைக் கையில் பிடித்து நின்றாள். சிறுமியின் உள்ளங்கை நீலமாக இருந்தது. காயாத தூணைத் தொட்டிருக்க வேண்டும். அந்தப் பெண் தோட்டத்து லைன் வீடுகளுக்கு ஏறிவரும் பாதையைப் பார்த்தபடி, ஏறலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றாள். மாரியம்மா கண்ணாடியை இறக்கினார். மஞ்சள் பஸ் ஸ்டாப்பில் யாரும் இல்லை. ஏற்றினார். ரூபினி நின்றாள்.

கண்ணாடி முந்திக்கொண்டுவிட்டது. நல்ல தகட்டில் எத்தனை விரல் போனதோ அத்தனை வருஷம். ஆனால் எத்தனை விரல்? மாடசாமி மூன்று தடவை பட்டறைக்குப் போய்க் கேட்டார். ஒன்றாக இருக்கலாம், நாலாகவும் இருக்கலாம் என்று யோகேந்திரன் கையைப் பிசைந்தான். விஷயம் பரவியதும், அடுத்த வருஷத்து லாட்டரி நம்பர் ஏதாவது தெரிகிறதா என்று ஆட்கள் காரைச் சுற்ற ஆரம்பித்தார்கள். மாரியம்மா கண்ணாடியில் ஒரு துண்டைத் தொங்கவிட்டார். பார்த்துக்கொண்டே இருந்தால், வந்தவள் திரும்பிப் போகிற நாளும் தெரிந்துவிடும். அது தனக்கு வேண்டாம் என்றார். மாடசாமி பொறுமையில்லாமல், நானே போய் நீலச் சாயம் அடித்துவிடுகிறேன் என்று கிளம்பினார். "நீங்க அடிச்சா அது உங்க நீலம். அவ நின்ன நீலம் வேற" என்று மாரியம்மா தடுத்துவிட்டார். தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியிடம் விசாரித்தார்கள். பஸ் ஸ்டாப் தோட்டத்துக்குச் சொந்தமில்லை, யார் எப்போது அடிப்பார்கள் என்று தனக்குத் தெரியாது என்றார் அவர். ஒரு தைப்பூசம் போனது, ஒரு தீபாவளி போனது. மாடசாமி லாரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். தினமும் காலையில் முச்சந்திக்கு நடந்து போய், மஞ்சளாகத்தான் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்தார்.

ஒரு வியாழக்கிழமை, முச்சந்தியில் ஒரு லாரி வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கித் தகர டின்களைத் திறந்தார்கள். நீலம். மாடசாமி ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து, மாரியம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, எதையோ குழைத்து ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு மறுபடி இறங்கினார். மாரியம்மா அரிசியை இரண்டு டின்னுக்குப் பதில் நாலாகப் போட்டார். மத்தியானம்வரை மாடசாமி பஸ் ஸ்டாப்பின் நடுவில், சட்டையில் சாயம் படாமல் கைகளை ஒடுக்கிக்கொண்டு நின்றார். பஸ் வந்து, முடி குட்டையாக வெட்டிய பெண் இறங்கியபோது, அவளுக்குத் தயங்க நேரம் கிடைக்கவில்லை. சிறுமி மட்டும் முதல் வேலையாகத் தூணைத் தொட்டாள். மாடசாமி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து, அந்தச் சின்னக் கால்களில் சவுக்காரமும் புகையிலையும் தடவ ஆரம்பித்தார்.

"அட்டை நிறைய இருக்கும்மா இங்க" என்றார், மகளை நிமிர்ந்து பார்க்காமல்.

"தெரியும்ப்பா" என்றாள் ரூபினி.

வீட்டுப் படியில் அவர் பேத்தியை முதலில் ஏற்றிவிட்டார். அவள் பின்னால் எல்லாரும் ஏறினார்கள்.

கார் இன்னும் ஓடுகிறது. துண்டும் அப்படியே தொங்குகிறது. அதற்குப் பின்னால் என்ன வருஷம் என்று யாரும் பார்ப்பதில்லை. மூன்று ஓட்டைகளிலும் தண்ணீர் ஒழுங்காக வடிகிறது. போன மழைக்காலத்தில் புது ரப்பரின் ஓரத்தில் கடுகளவு துரு தெரிந்ததாம். யோகேந்திரன் பதறிப்போய் மெஷினை எடுத்திருக்கிறான். மாடசாமி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்கட்டும், கண்ணாடி ஒரு நாள் இன்றைக்கு வந்து நின்றுகொள்ளும் என்கிறார்.