சிவப்பு விளக்கில் நிற்காத மனிதர்

1.
முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. லண்டன் கோலியர்ஸ் வுட்டில் கார் ஓட்டப் பழக்கும் பாலேந்திரா அண்ணையிடம் இருந்து வாங்கியது. இரண்டு முறை டெஸ்டில் கோட்டைவிட்ட என்னை அவர் மூன்றாம் முறைக்குத் தயார்படுத்திக்கொண்டிருந்தார். ரிவேர்ஸ் எடுக்க எனக்குப் பயம். அது மறக்கட்டும் என்று கதை சொல்லுவார்.

2.
நான் எழுதிப் பார்த்த தொடக்கங்கள்.

'அவருடைய பெயரைக் கேட்டால் அந்த நாட்டில் அழுகிற பிள்ளையும்...' (எந்த நாட்டுக்கும் பொருந்தும். அடித்துவிட்டேன்.)

'இரத்தக்கறை படிந்த கைகள் ஸ்டியரிங்கை...' (படம் காட்டுகிறேன். இதையும் அடித்தாயிற்று.)

நடந்தது இவ்வளவுதான்: வயதான ஒருவர் கார் பழக வந்தார். பெயர் லெஸ்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். லண்டனில் அவர் வைத்திருந்த பெயரும் இரவல்தான். முதல் நாளே சிவப்பு விளக்கில் நிற்காமல் போனார். அண்ணை தன் பக்கத்து பிரேக்கை மிதித்தார்.

"ஏன் ஐயா நிப்பாட்டேல்லை?"

"நான் போற கார் ஒருநாளும் நிண்டதில்லை, மாஸ்ரர். நிண்டா சுட்டுப்போடுவாங்கள்."

(* இருவரும் பேசியது ஆங்கிலம். அண்ணை எனக்குச் சொன்னது யாழ்ப்பாணத் தமிழ். ஆகவே என் கதையில் ஒரு சர்வாதிகாரியின் பாதுகாப்புத் தலைவர் யாழ்ப்பாணத் தமிழ் கதைக்கிறார். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

3.
அண்ணைக்கு ஆவல் தாங்கவில்லை. ஒவ்வொரு பாடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கதையைப் பிடுங்கினார்.

லெஸ்லி தன் நாட்டில் முதலில் சாதாரண போக்குவரத்துப் போலீஸ்காரர். ஜனாதிபதி வரும்போது வீதியை மறிப்பது வேலை. ஒருநாள், பிரசவ வலியில் துடித்த பெண்ணோடு வந்த ஆம்புலன்ஸையும் மறித்தார். ஜனாதிபதி கண்ணாடியை இறக்கி, 'உன் பெயர் என்ன?' என்று கேட்டார். அதன்பிறகு மாளிகை வாசல், மெய்க்காவல் படை, கடைசியில் நாட்டின் முழுப் பாதுகாப்பும் அவர் கையில். ஆட்கள் காணாமல் போனார்கள். (இந்த வாக்கியத்தை நீட்ட முயன்றேன். அவர் அண்ணையிடம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நான் எங்கே போவேன்?)

வீழ்ச்சி ஒரு காலையில் முடிந்துவிட்டது. ஜனாதிபதி லெஸ்லியின் பதவியைத் தன் மகனுக்குக் கொடுத்துவிட்டார்.

"அண்டைக்கு டிரைவர் வரேல்லை. அதிலயே விளங்கிட்டுது. வீட்டில மூண்டு கார் நிண்டது. ஒண்டையும் எனக்கு ஓட்டத் தெரியாது. நடந்துதான் வெளிக்கிட்டன்."

4.
இந்தப் பாத்திரத்தோடு எனக்குத் தகராறு. நீங்கள் அவரை வெறுக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அவரோ பாடத்துக்கு வரும்போதெல்லாம் அண்ணைக்குத் தோடம்பழம் (ஆரஞ்சு) கொண்டுவருகிறார்.

"சொன்னாக் கேக்கிற மனுசன். உன்னைப் போல இல்லை, பிள்ளை" என்று அண்ணை என்னைக் குத்தினார். அவருக்கு லெஸ்லியைப் பிடித்துவிட்டது. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, எனக்கும் கொஞ்சம் பிடித்துவிட்டது.

5.
ஒரு பின்னேரம் லெஸ்லியை இறக்கிவிட்டு அண்ணை காருக்குள் இருந்தபோது, ஒரு பெண் ஜன்னலில் தட்டினாள். லெஸ்லியின் நாட்டுக்காரி. போனில் ஒரு பழைய படம் காட்டினாள்: சீருடையில் ஓர் அதிகாரியின் இளமையான முகம்.

"என்ர தம்பியை இவற்ற ஆக்கள்தான் கொண்டுபோனவை. இண்டைவரைக்கும் ஒரு தகவலும் இல்லை. இஞ்ச லோயர் வழக்குப் போடத் தயார். ஆனா ஆளுக்கு வயது போட்டுது, இவர்தானோ எண்டு மட்டுக்கட்டேலாமல் கிடக்கு. நீங்கள் கிட்ட இருந்து பாக்கிறனீங்கள். பேர் வேண்டாம், கையெழுத்து வேண்டாம். இவர்தான் எண்டாத் தலையை ஆட்டுங்கோ, அது காணும்."

அண்ணைக்குக் கழுத்து விறைத்துவிட்டது. இருபது வயதில், ஊரில் நடந்த ஒரு சுற்றிவளைப்பில் வரிசையில் நிறுத்தப்பட்டவர் அவர். ஆமிக்காரருக்கு நடுவே ஒருவன் இருந்தான். தலையில் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அவன் தலையாட்டினால் ஆளைப் பிடித்துப் போவார்கள்; தலையாட்டி என்போம். அண்ணை முன்னால் வந்தபோது அந்தச் சாக்கு அசைந்தது. பிறகு வருடக்கணக்கில் சிறை, அடி, உதை. தலையை ஆட்டியது யார் என்று இன்றும் அவருக்குத் தெரியாது.

6.
முடிவு ஒன்று: அண்ணை தலையாட்டுகிறார். வழக்கு நடக்கிறது. நான் கைதட்டுகிறேன். அண்ணை கார் பழக்குவதையே விட்டு...

முடிவு இரண்டு: "தெரியாது, தங்கச்சி" என்கிறார். அவள் நன்றி சொல்லிவிட்டுப் போகிறாள். அந்த நன்றியை எழுத எனக்குக் கை வரவில்லை.

என்ன நடந்தது என்று அண்ணையிடமே கேட்டேன்.

"கண்ணாடியைப் பார், பின்னால வான் வருது."

"ரெண்டும் ஒண்டில்லை அண்ணை. அந்தத் தலையாட்டி காட்டிக் குடுத்தது ஒரு பாவமும் அறியாத உங்களை. இது கொலைகாரன்."

"அவனுக்கும் ஆரோ அப்பிடித்தானே சொல்லியிருப்பாங்கள்" என்றார்.

இரண்டு முடிவையும் அடித்துவிட்டேன். ஆகவே அண்ணையை அந்த இருக்கையில் இருந்து இறக்கிவிடுகிறேன். பாவம், அவர் பட்டது போதும். நீங்கள் ஏறி உட்காருங்கள். ஜன்னல் பாதி இறங்கியிருக்கிறது. போன் வெளிச்சம் அணையும்போதெல்லாம் அந்தப் பெண் விரலால் தொட்டு மறுபடி எழுப்புகிறாள். உங்கள் தலையில் சாக்கு எதுவும் இல்லை. அவள் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.