மர்ஹூமா ஸஹீதாவுக்குப் பொன்னாடை

"ராத்தா, நீங்க மௌத்தாகிட்டீங்களாமே, மெய்யா?" என்று மீன்காரன் பாஹிம் கேட்டபோது, ஸஹீதா தன் வீட்டு வாசலில் நின்று வாவி இறாலைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மெய்தான். அந்த வெள்ளிக்கிழமை காலையிலிருந்து ஏறாவூரில் அவள் இறந்தவளாக இருந்தாள். இறால் வழக்கம்போல நல்ல இறாலாக இருந்தது.

காரணம் சிறியது. ஊர் நலன்புரிச் சங்கம் ஆண்டுதோறும் பிரதேசத்துக்குச் சேவை செய்தோரைக் கௌரவித்துவந்தது. தொடக்கத்தில் உயிரோடிருந்தவர்களுக்குத்தான் பொன்னாடை போர்த்தினார்கள். விடுபட்டவர்கள் வீடு தேடி வந்து சண்டை பிடித்ததால், பிறகு மௌத்தானவர்களாகப் பார்த்துக் கௌரவித்தார்கள். அவர்களில் எவரும் கோபித்துக்கொண்டதில்லை. இந்த வருடம், மௌத்தான பெண்களின் மையித்தைக் குளிப்பாட்டிக் கபன் துணி உடுத்தும் ஸஹீதாவையும், உயிரோடிருந்தாலும் சண்டைக்கு வராதவள் என்று, சேர்ப்பதாக முடிவானது. செயலாளர் ஹில்மி சேர் அழைப்பிதழ் எழுதும்போது, இறந்த பெண்களின் பெயருக்கு முன்னால் போடும் 'மர்ஹூமா'வை, கைப்பழக்கத்தில் அவள் பெயருக்கும் போட்டுவிட்டார்.

அழைப்பிதழ் வட்ஸ்அப்பில் வீடுவீடாகப் போனது, பள்ளிவாசல் மதிலிலும் ஒட்டப்பட்டது. வாசித்தவர்களின் கண்ணுக்கு ஸஹீதா தெரியாமல் போனாள். கடைக்காரர் அவளுக்கூடாகச் சுவர்க் கலண்டரைப் பார்த்தார். பக்கத்து வீட்டு ஸாதியா, சலாமுக்குப் பதில் சொல்லாமல், அவள் நின்ற இடத்துக்கே குப்பையைக் கூட்டித் தள்ளினாள். ஸஹீதாவுக்கு இதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. புருஷன் மௌத்தான பின் பிள்ளைகுட்டி இல்லாமல் தனியே இருந்தவள். அவள் ஒரு வாசலில் நின்றால், உள்ளே யாருக்குச் சுகமில்லை என்றுதான் முதலில் பார்ப்பார்கள். கல்யாணத்துக்குச் சொல்வார்கள், அவள் போகாவிட்டால் சந்தோஷப்படுவார்கள். மையித்தைத் தொட்ட அந்தக் கையால் ஊற்றிய தேத்தண்ணியை எவரும் குடித்ததில்லை. பாஹிமுக்கு வாசிக்கத் தெரியாது. ஆகையால் அவனுக்கு மட்டும் அவள் தெரிந்தாள்.

அன்று அஸர் தொழுகைக்குப் பின் அவள் வீட்டுக்குப் பெண்கள் வரத் தொடங்கினார்கள். பாய் போதாமல் பக்கத்து வீட்டிலிருந்து எடுத்துவந்து விரித்தார்கள். யாசீன் ஓதினார்கள். ஓதி முடிந்ததும் அவளைப் பற்றிய கதை தொடங்கியது.

"எங்கட உம்மாவக் குளிப்பாட்டக்குள்ள, தண்ணிட சூட்டத் தண்ட கையில ஊத்திப் பாத்துத்தான் ஊத்தின. உசிரோட இரிக்கிறவக்கு ஊத்திற மாதிரி," என்று ஸுஹைனா அழுதாள்.

"வாய்தான் கொஞ்சம் காரம்," என்றாள் ஸாதியா.

"ஒன்னோட கதைச்சா ஆருக்கும் காரம் வரும்கா!" என்றாள் ஸுஹைனா.

எல்லோரும் சிரித்தார்கள். அடுக்களையில் ஸஹீதாவும் சிரித்தாள், யாருக்கும் கேட்கவில்லை. இஞ்சி தட்டிப் போட்டுத் தேத்தண்ணி ஊற்றித் தட்டத்தில் கொண்டுபோய் வைத்தாள். தங்களில் ஒருத்திதான் ஊற்றியிருக்கிறாள் என்று நினைத்து, மண்டி கூட மிச்சமில்லாமல் குடித்தார்கள். அடுத்த நாளும் வந்தார்கள், அதற்கடுத்த நாளும் வந்தார்கள். ஸஹீதா அடுக்களை வாசலில் குந்தியிருந்து, மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருப்பாள்.

பாஹிமுக்குப் பொறுக்கவில்லை. "ஹில்மி சேருக்கிட்டப் போய்ச் செல்லட்டா ராத்தா? அந்த மர்ஹூமாவ வெட்டினாச் சரிதானே."

"வேணாம் தம்பி."

"விழாவில உங்கட பொன்னாடைய வேற ஒராள் வாங்கினா முடிஞ்சிரும். பொறகு வெட்டியும் சரிவராது. எனக்கும் உங்களத் தெரியாமப் போயிரும்."

"வெட்டினா இவளுகள் வரமாட்டாளுகளே."

"அப்ப நீங்க ஆரோட கதைக்கிற?"

ஸஹீதா இறால் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

விழாவன்று மண்டபம் நிறைந்திருந்தது. பெண்கள் பக்கத்தில் ஒரு நீல நாற்காலியில் மட்டும், ஏனென்று தெரியாமலே, எவரும் உட்காரவில்லை. ஸஹீதா அதில் இருந்தாள். ஹில்மி சேர் அவளுடைய சேவையைச் சொல்லி முடித்து, மர்ஹூமாவின் சார்பில் பொன்னாடையைப் பெற உறவினர் யாராவது வரும்படி அழைத்தார்.

"நான் அவக்கு மகள் மாதிரி," என்று ஸுஹைனா எழுந்தாள்.

"பக்கத்து வேலி என்ட! இரு நீ," என்று ஸாதியா அவளைப் பிடித்து இழுத்தாள். பின்வரிசையிலிருந்தும் சிலர் எழுந்தார்கள். ஸஹீதாவுக்காக ஊர் சண்டை பிடித்தது அதுவே முதல் தடவை. அவள் கழுத்தைத் திருப்பித் திருப்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கடைசியில் ஸுஹைனா மேடையேறினாள்.

"சேர்!" என்று ஆண்கள் பக்கத்திலிருந்து பாஹிம் எழுந்து கத்தினான்.

"என்ன பாஹிம்? செல்லுங்க," என்றார் ஹில்மி சேர், பொன்னாடையை விரித்தபடியே.

பாஹிம் ஸஹீதாவைப் பார்த்தான். அவள் வேண்டாமென்று தலையை அசைத்தாள். அவளுடைய கறுப்பு அபாயாவுக்கூடாக நாற்காலியின் நீலம் அவனுக்குத் தெரியத் தொடங்கியிருந்தது. மண்டபம் முழுதும் அவன் வாயைப் பார்த்துக் காத்திருந்தது. பாஹிம் தொப்பியைக் கழற்றி மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். வரிசையில் இருந்தவர்களின் கால்களைத் தாண்டி வெளியே போனான்.