பொம்மியின் இரண்டு காலைகள்

ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிறவருக்கு விடியற்காலைதான் சாயங்காலம். ஆசீர்வாதத்துக்கு அந்த நாட்களில் உலகமே அப்படித் தலைகீழாகத்தான் இருந்தது. ரோலிங் மில்லில் செக்கச்செவேலென்று ஓடிய கம்பிகள் கண்ணுக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்க, கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால் இருக்கும் காலனிக்கு வண்டியில் வந்து சேர்வார். தெருவெல்லாம் பல் துலக்கிக்கொண்டிருக்கும். அவர் மட்டும் தூக்கத்துக்குள்ளேயே நடப்பவர்போல வீட்டுக்குள் நுழைவார்.

உள்ளே பொம்மி காத்திருப்பாள். பொமரேனியனும் தெருநாயும் கலந்த பிறவி. முன்பெல்லாம் பஞ்சுப்பொதி மாதிரி இருந்தவள். போன மழைக்காலத்திலிருந்து முதுகு முடியெல்லாம் கொட்டிப்போய், வயிறு மட்டும் பானையாகத் தொங்கியது. எவ்வளவு தின்றாலும் பசி, எவ்வளவு குடித்தாலும் தாகம்.

பக்கத்து வீட்டுச் செண்பகம்தான் முதலில் வம்பிழுத்தாள். "இன்னா கிரேஸக்கா, உன் பொண்ணு முழுகாம கீறாளா? சொல்லவே இல்ல?"

"கெயவி ஆயிட்டா அவ. இந்த வயசுல எவன் வரப்போறான்?" என்று சிரித்தாள் ஆசீர்வாதத்தின் மனைவி கிரேஸ். ஆனாலும் ஒரு சந்தேகத்துக்கு, ஒரு வாரம் தட்டில் முட்டையும் சேர்த்து வைத்தாள்.

மாசமுமில்லை, ஒன்றுமில்லை. ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் நாய், பூனைகளுக்குக் கிளினிக் வைத்திருக்கும் காயத்ரி டாக்டர் ரத்தம் எடுத்து, மெட்ராஸுக்கு அனுப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "குஷிங்ஸ்னு ஒரு வியாதி. கிட்னிக்கு மேல இருக்கிற சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்யுது. இந்தப் பசி, தாகம், முடி கொட்றது எல்லாம் அதனாலதான். அடியோட போகாது, அடக்கி வெக்கலாம். தினம் காலையில சாப்பாட்டோட ஒரு மாத்திரை. ஒண்ணே ஒண்ணு. எப்பவாச்சும் சாப்பிடாம சுருண்டு படுத்துட்டான்னா, மாத்திரையை நிறுத்திட்டு உடனே தூக்கினு வாங்க."

கிரேஸ் பேக்கிங் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். இருட்டு பிரியுமுன்னே கம்பெனி பஸ் வந்துவிடும். கிளம்புகிற அவசரத்திலும் இட்லியைப் பிட்டு, நடுவில் மாத்திரையை ஒளித்து, பொம்மிக்கு ஊட்டிவிட்டுத்தான் செருப்பை மாட்டுவாள். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது, ஆசீர்வாதத்துக்கு ஷிஃப்ட் மாறும்வரை.

ராத்திரி வேலை முடிந்து முதல்நாள் வந்தபோது, துடைத்து வைத்ததுபோல இருந்த தட்டின் முன்னால் பொம்மி உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வை இருக்கிறதே! பிறந்ததிலிருந்து ஒரு பருக்கைகூடக் கண்டறியாதவள் பார்க்கிற பார்வை.

'பாவம் கிரேஸு, ஊட்டாமலே பஸ்ஸைப் பிடிக்க ஓடிட்டா போல' என்று நினைத்துக்கொண்டார். தனக்கு வாங்கி வந்த நாஷ்டாவிலிருந்து இட்லியை எடுத்து, மாத்திரையை வைத்துக் கொடுத்தார். "மெதுவா தின்னும்மா, யாரும் புடுங்க மாட்டாங்க." அவள் மென்றது மாதிரியே தெரியவில்லை. மறுநாளும் அதே பார்வை. அதற்கடுத்த நாளும்.

போனில் கேட்டிருக்கலாமே என்றால், கிரேஸின் கம்பெனியில் போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். சாயங்காலம் அவள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது இவர் வண்டியை எடுத்துக்கொண்டிருப்பார்.

"இன்னாங்க, சாப்ட்டாளா?"

"அவளா சாப்டாம இருப்பா!"

"மாத்திரை?"

"அதெல்லாம் உள்ள பூடுச்சு மே."

காலையில் தான் வைத்ததைப் பொம்மி கக்காமல் விழுங்கிவிட்டாள் என்று கிரேஸ் நிம்மதியானாள். தான் கொடுத்ததை அவளிடம் சொல்லிவிட்டோம் என்று இவர் நிம்மதியாகப் போனார்.

பகலில் ஆசீர்வாதம் தூங்குவார். ஜன்னலில் பழைய சிவப்புப் போர்வை தொங்கும். வெயில் அதன் வழியாக வந்து அறை முழுவதையும் மாதுளம்பழத்தின் உள்பக்கம் மாதிரி ஆக்கிவிடும். கட்டிலுக்குக் கீழே பொம்மி தண்ணீர் குடிக்கும் சத்தம், சளப் சளப்பென்று விடாமல் கேட்கும். அந்தச் சத்தம் அவர் தூக்கத்துக்குள் போய்ப் பழவேற்காட்டு ஏரியாகிவிடும். மில்லின் சிவப்புக் கம்பிகளெல்லாம் மெல்ல வளைந்து, நீண்டு, பூநாரைகளின் கால்களாகும். தண்ணீர் அவர் முழங்காலைத் தொட்டுத் தொட்டுப் போகும். பிள்ளைகளெல்லாம் கல்யாணமாகி வெளியூர் போய்விட்ட வீட்டில், அந்தச் சத்தம்தான் பகலெல்லாம் அவருக்குத் துணை.

கொஞ்ச நாளில் பொம்மி அமைதியானாள். தட்டை நக்கவில்லை. பின்னாலேயே சுற்றவில்லை. "மருந்து கேக்குதுக்கா" என்றாள் செண்பகம். கிரேஸ் சந்தோஷத்தில் மாதா கெபியில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள். ஆசீர்வாதமும் நன்றாகத்தான் தூங்கினார். பொம்மி கேட்காவிட்டாலும், பழகிய கை மாத்திரையை வாய்க்குள் வைத்துவிட்டுத்தான் படுத்தது.

அன்றைக்குத் தூக்கத்தில் ஏரி வற்றியிருந்தது. வெடித்த சேற்றில் பூநாரைகள் வாயைத் திறந்தபடி நின்றன. எந்தப் பக்கம் நடந்தாலும் காலடியில் மண் மட்டும். ஒரு சத்தமுமில்லை. அந்தச் சத்தமின்மைதான் அவரைத் தட்டி எழுப்பியது.

கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தார். பாத்திரத்தில் தண்ணீர் விளிம்புவரை அப்படியே இருந்தது. பொம்மி பக்கவாட்டில் கிடந்தாள். கூப்பிட்டதற்குக் காதுகூட அசையவில்லை. தூக்கினால் ஈரத்துணி மாதிரி கையின் இரண்டு பக்கமும் துவண்டாள்.

ஆட்டோவில் போகும்போதே கிரேஸின் கம்பெனி கேட்டுக்குப் போன் போட்டார். வாட்ச்மேனிடம், "பொம்மிக்கு ரொம்ப முடியல, கிரேஸை ரயில்வே கேட் கிளினிக்குக்கு அனுப்புங்க" என்றார். வாட்ச்மேன் உள்ளே போய், "உங்க வூட்ல பொம்மின்ற பெரியம்மா சீரியஸாம்" என்று சொல்ல, சூப்பர்வைசர் பதறிப்போய் அனுப்பிவைத்தார். கிரேஸ் திருத்தவில்லை. யூனிஃபார்ம் கோட்டோடேயே ஓடிவந்து சேர்ந்தாள்.

காயத்ரி டாக்டர் பொம்மியின் ஈறைத் தூக்கிப் பார்த்தார். வெளுத்திருந்தது. "மாத்திரை யாரு குடுக்கிறீங்க?"

"நான்தான்" என்றார் ஆசீர்வாதம்.

"நான்தான்" என்றாள் கிரேஸ், அதே மூச்சில்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டாக்டர் ஊசி போட்டு, டிரிப் ஏற்றிவிட்டுப் பிறகுதான் பேசினார். "அடக்க வேண்டியதை அணைச்சே விட்டுட்டீங்க. உடம்புல அந்தச் சுரப்பு கொஞ்சமாவது வேணும். ஒண்ணுக்குப் போறாளான்னு பாருங்க. போனா தேறிக்கினு வரான்னு அர்த்தம்."

வெளியே புங்கமர நிழலில் பெஞ்சு. டிரிப் பாட்டிலைக் கிளையில் தொங்கவிட்டு, பொம்மியை மடியில் போட்டுக்கொண்டார் ஆசீர்வாதம்.

"பட்டினியா கீறான்னு நெனச்சேன் மே. அப்படிப் பார்த்தா என்னை."

"என்னையும் அப்படித்தான் பார்ப்பா. ஊட்டி முடிச்ச அடுத்த நிமிஷம்."

"அப்போ நீ இன்னொண்ணு குடுக்கல?"

"எனக்குப் பஸ் வந்துடுமே." கிரேஸ் பொம்மியின் காதை நீவிவிட்டாள். "உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். ஒரே ஊட்ல இருந்துக்கினு, ரோட்டுல பார்க்கிறவங்க மாதிரி பேசிக்கினு இருந்தோம்."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். உச்சிவெயிலில் அவள் முகத்தைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! காதோரம் நரைத்திருந்தது. கோட்டில் அட்டைப்பெட்டித் தூசி. சூலூர்பேட்டை ரயில் கடந்து போனது. இலைகளுக்கு நடுவே வெயில் பொட்டுப் பொட்டாக மூவர் மேலும் நகர்ந்தது. சொட்டுச் சொட்டாக டிரிப் இறங்கியது. அவர் கண் செருகி, அவள் தோளில் தலை சாய்ந்தது. கனவு எதுவும் வரவில்லை.

மடியில் வெதுவெதுப்பாக ஏதோ பரவியது. கண்ணைத் திறந்தார். பேன்ட் முழுக்க ஈரம், பெஞ்சு விளிம்பில் ஒழுகிக்கொண்டிருந்தது. பொம்மி தலையைத் தூக்க முடியாமல் தூக்கி, இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"டாக்டரம்மா!" ஆசீர்வாதம் போட்ட சத்தத்தில் உள்ளே ஒரு பூனை சீறியது. "போய்ட்டா! மடியிலயே போய்ட்டா!"

கிரேஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "ஊருக்கே சொல்லுங்க."

"சொல்லுவேன். மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்கச் சொன்னா நீயே குடு மே, நான் இட்லியைத் தொடமாட்டேன்."

"நீங்க குடுங்க" என்றாள் கிரேஸ், பொம்மியின் முடியில்லாத முதுகைத் தடவியபடி. "நான் பஸ்ஸுக்கு ஓடுறவ. நீங்கதான் அவ முழுங்கற வரைக்கும் பக்கத்துல உட்காருவீங்க."