ஐந்து வார்த்தைக்கு ஓர் அடுப்பு

ஐந்து வார்த்தை தெரிந்தால் ஓர் அடுப்பு. 1988இல் காரைக்கால்மேட்டுப் பெண்களுக்காக எங்கள் அலுவலகம் கண்டுபிடித்த திட்டம் இது. புகையில்லா அடுப்பை இலவசமாகக் கட்டித் தருவோம். வாங்குகிறவள் மட்டும் 'விழிப்புணர்வு பெற்றவள்' என்று பதிவேட்டில் ஏற வேண்டும். எங்கள் அதிகாரி சோமசேகரன் டெல்லியில் பத்து நாள் பயிற்சிக்குப் போய், ஒரு தோல்பையும் அது நிறைய வார்த்தைகளுமாகத் திரும்பியிருந்தார். நான் அவருடைய குமாஸ்தா. அவர் சொல்வதை எழுதுவது என் வேலை. மனசுக்குள் அவரைத் திட்டுவது என் பொழுதுபோக்கு.

மீன் ஏலம் போடும் கொட்டகையில் வகுப்பு நடந்தது. கரியமில வாயு, பசுங்குடில் விளைவு, பூமி சூடாதல், பனிப்பாறை உருகுதல், கடல்மட்டம் உயர்தல் என்று கரும்பலகையில் எழுதினேன். எரிக்கிற எதிலிருந்தும் வாயு கிளம்பும், அது மேலே போய்ப் போர்வை மாதிரி மூடிக்கொள்ளும், உள்ளே சூடு தங்கும், பனி உருகும், கடல் ஏறும். ஒன்றிலிருந்து ஒன்று வருவதால் வரிசை மாறக்கூடாது என்றார் அதிகாரி. வெளியே எங்கள் ஜீப் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரி சரியில்லை, அணைத்தால் நாலு பேர் தள்ள வேண்டும். அதன் புகை முழுவதும் கொட்டகைக்குள்தான் வந்தது.

"ஒங்க அடுப்புப் புகையாலதாம்மா ஒலகமே சூடாவுது" என்றார் அவர், இருமிக்கொண்டே.

அஞ்சுகம் எழுந்தாள். மீன் கூடை சுமந்து பிழைப்பவள். கடலை ஒட்டிய கடைசி வரிசையில் வீடு. சாலைக்கு மேற்கே ஒரு மனை கேட்டு இரண்டு வருஷமாக மனு கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"கடல் எப்ப சார் ஏறும்?"

"அதுக்கு நூறு வருஷம் ஆவும்மா."

"எங்கூட்டுக்குப் பின்னால போன வருசமே ஏறிடிச்சுங்களே."

"அது மண் அரிப்பு. இது வேற. கொழப்பிக்காத."

கொட்டகை சிரித்தது. அஞ்சுகம் சிரிக்கவில்லை. ஐந்து வார்த்தையையும் வரிசை பிசகாமல் ஒப்பித்தாள். "எனக்கு அடுப்பு வேணாங்க, மனையக் குடுங்க" என்று கேட்டும் பார்த்தாள். அடுப்பு எங்கள் இலாகா, மனை வேறு இலாகா. மார்ச் முடிவதற்குள் நாற்பது அடுப்பு கட்டியாக வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. முப்பத்தொன்பதில் நின்றுபோன கணக்குக்கு அஞ்சுகம் வசமாக மாட்டினாள்.

நல்ல நிலையில் உள்ள வீட்டில்தான் அடுப்பு கட்டலாம் என்பது விதி. அதனால் 'வீட்டின் நிலை: நன்று' என்று அட்டையில் எழுதி, பதிவேட்டிலும் ஏற்றி, சிமெண்ட் அடுப்பைக் கட்டி, கூரைக்கு மேலே குழாய் நீட்டி, சுவரில் 40 என்று பெயிண்ட் அடித்தோம். அதிகாரி வாசலில் நின்று, தலைக்கு மேலே குழாய் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துக்கொண்டார். மூஞ்சியில் என்ன ஒரு பெருமை!

ஐப்பசியில் கடல் சமையற்கட்டைக் கொண்டுபோனது. அடுப்பு, குழாய், நாற்பதாம் எண் எல்லாம் போயின. அடுத்த வாரமே மனைப் பட்டியல் தயாரானது. வீடு பழுதானவர்களுக்குத்தான் மனை. சரிபார்க்க எங்கள் பதிவேட்டைக் கேட்டு வாங்கினார்கள். அதில் அஞ்சுகத்தின் வீடு நன்றாக இருந்தது. அவள் பெயரை அடித்துவிட்டார்கள்.

மறுநாளே அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். அதிகாரி முதலில் கேட்டது, "அரசாங்க அடுப்பு எங்க?"

அஞ்சுகம் கைகளைக் கட்டிக்கொண்டு, வகுப்பில் நின்ற மாதிரியே நின்று ஒப்பித்தாள். "கரியமில வாயு, பசுங்குடில் விளைவு, பூமி சூடாதல், பனிப்பாறை உருகுதல், கடல்மட்டம் உயர்தல். அதுலதாங்க போச்சு."

"அதெல்லாம் நூறு வருஷம் கழிச்சு நடக்குறதும்மா!" என்று கத்தினார். அடுப்பைக் கவனக்குறைவால் இழந்ததற்கு விளக்கம் கேட்டு அவளுக்கு மெமோ தயார் செய்யச் சொல்லிவிட்டு, சாப்பிடப் போய்விட்டார். இந்த மனுஷனுக்குச் சோறு இறங்குமா என்று நினைத்தபடியே டைப்ரைட்டரில் தாளைச் செருகினேன்.

அஞ்சுகம் என் மேஜைக்கு வந்தாள்.

"அவரு வூட்டுக்குள்ளாற வரவே இல்ல சார், வாசல்லயே போட்டோ புடிச்சிக்கிட்டுப் போயிட்டாரு. உள்ள வந்து அட்டைய எழுதுனது நீங்கதான?"

"மேல சொன்னத எழுதுறதுதாம்மா எங்க வேல."

"அன்னிக்கு அல உள்ள வந்துச்சு. பேண்ட்ட முட்டி வரைக்கும் மடிச்சு வுட்டுக்கிட்டு, தண்ணிக்குள்ள நின்னுதான சார் 'நன்று'ன்னு எழுதுனீங்க?"

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கார்பன் தாளை நேராக வைத்து, மெமோவில் அவள் பெயரை அடித்தேன்.