மாங்காட்டு அனல்

கோவில்பதாகை ஏரிக்கரையை ஒட்டிய எத்திராஜின் வீட்டில் அந்தத் தை மாதம் ஒரு புது வழக்கம் ஏற்பட்டிருந்தது. குழந்தை தாட்சாயிணி முற்றத்தில் தவழ்ந்து வந்தால், அவளைப் பெற்ற நாகவல்லி எழுந்து மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவாள். குழந்தை தூங்கிய பிறகுதான் வீட்டுக்குள் வருவாள். வந்தாலும் தூளியிலிருந்து ஒரு பாய் அகலம் தள்ளியே நிற்பாள்.

வெறுப்பில் செய்த காரியமல்ல அது. கல்யாணமாகி வெகுகாலம் வயிறு திறக்காமல், மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாங்காடு வரை நடந்தே போய்க் காமாட்சியம்மனிடம் முந்தானை ஏந்தி வாங்கி வந்த பிள்ளை. அந்தப் பிள்ளை தவழத் தொடங்கிய நாட்களில்தான் நாகவல்லியின் வலது கன்னத்துக்குள், புகையிலை அடக்கும் இடத்தில், ஒரு புண் வந்தது. உப்புத் தண்ணீருக்கும் திரிபலாவுக்கும் அது ஆறவில்லை. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுப் புற்று என்றார்கள்.

வெள்ளைக்காரர் ஆண்ட காலம் அது. ரேடியம் என்ற பொருளைக் கொண்டு வைத்தியம் செய்வது அப்போது இந்தப் பக்கத்து ஜனங்களுக்குப் புதிது. நூல் கோத்த சின்னச் சின்ன ஊசிகளுக்குள் அதை அடைத்துப் புண்ணைச் சுற்றிக் குத்தி வைத்தார்கள். நூல் முனைகளை உதட்டோரம் கொண்டுவந்து ஒட்டினார்கள்.

"இதுலேர்ந்து காமாக் கதிர்னு ஒண்ணு வரும். கண்ணுக்குத் தெரியாது. சதையைத் துளைச்சிக்கிட்டுப் போயி கெட்டதைச் சுட்டுடும். நல்ல சதைக்கும் அது ஆகாது, சின்னப் பிள்ளைங்களுக்கு ஆகவே ஆகாது. குழந்தையைக் கிட்ட கொண்டாராதீங்க" என்று டாக்டர் எத்திராஜிடம் சொன்னார். வாயைத் திறக்க முடியாமல் படுத்திருந்த நாகவல்லி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஊசிகள் இருந்த நாட்களில், எத்திராஜின் அண்ணி சொர்ணம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து ஆஸ்பத்திரி வாசலில் இருந்த வேப்பமரத்தடியில் நிற்பாள். மேலே ஜன்னலருகில் நாகவல்லி நிற்பாள். பெயர் சொல்லிக் கூப்பிட வாய் வராது. வாய் நிறைய நூல். குழந்தை மரத்துக் காக்கையைப் பார்க்கும், ஜன்னலைப் பார்க்காது.

புண் ஆறிற்று. ஊசிகளை எடுத்தார்கள், வீட்டுக்கு அனுப்பினார்கள். இனிமேல் குழந்தையைத் தூக்கலாம் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியிருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

நாகவல்லிக்கோ மாங்காட்டுக் கதை நெஞ்சில் நின்றது. அம்மன் ஐந்து தீ மூட்டி, நடுவில் ஊசி முனையில் ஒற்றைக் காலில் நின்று தவம் செய்தாள். தவம் பலித்துக் காஞ்சிபுரம் போய்விட்டாள். தீயோ அணையாமல் நின்று ஊரையே வாட்டியது. ஒரு மகான் வந்து சக்கரம் பதித்துத்தான் மண் குளிர்ந்தது. தெய்வம் நின்ற நெருப்பே அப்படியென்றால், மனிதன் வைத்த நெருப்பு ஊசியை எடுத்ததும் போய்விடுமா? கன்னத்துத் தோல் இன்னும் கருத்துத்தான் இருந்தது. தொட்டால் சூடாக இருப்பதுபோலவே பட்டது.

சொர்ணத்துக்கும் கைக்குழந்தை இருந்ததால் இரண்டுக்கும் அவளே பால் கொடுத்தாள். நாகவல்லி தன் பாலைக் கால்படாத இடமாகப் பார்த்து அவரைக்கொடியின் அடியில் பீய்ச்சி ஊற்றுவாள். பிறகு கொட்டகைக்கு வந்து லட்சுமி என்ற பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, குழந்தையிடம் சொல்ல நினைத்ததையெல்லாம் அதனிடம் சொல்வாள். "வாடிம்மா, என் லச்சு, சாப்ட்டியா நீ? ஏன் மூஞ்சி வாடிக் கீது?" ஒரு பக்கம் இறுகிப்போன வாயால் குழறிக் குழறிப் பேசுவாள். மண்சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை இருக்கிறதென்று தெரியும். அதனால் சற்று உரக்கவே பேசுவாள்.

மறுபடி காட்டச் சொன்ன நாளில் புருஷனும் பெண்டாட்டியும் ஆவடியில் ரயிலேறிப் பட்டணம் போனார்கள். டாக்டர் பார்த்துவிட்டு நன்றாயிருக்கிறது என்றார். ரேடிய ஊசிகளைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் ஞானசௌந்தரி, பூந்தமல்லிக்காரி, நாகவல்லியின் ரவிக்கை நனைந்திருப்பதைக் கவனித்தாள்.

"இன்னாம்மா, கொழந்த பால் குடிக்கிறதில்லையா?"

நாகவல்லி தலையைக் குனிந்துகொண்டாள். எத்திராஜ் சொன்னான்: "அத்த ஏன் கேக்கறீங்க நர்சம்மா. எங்க ஊட்டு அவரக்கொடிதான் குடிக்குது. அதுக்குக் கீற பாக்கியம் எம் பொண்ணுக்கு இல்ல."

விஷயத்தைக் கேட்டு ஞானசௌந்தரிக்கு மனம் கலங்கியது. ஊசி எடுத்தால் எல்லாம் தீர்ந்தது, தாராளமாகத் தூக்கலாம் என்று நன்றாக எடுத்துச் சொன்னாள். நாகவல்லி சரியென்று தலையாட்டினாள். பெரியவர்களுக்கு மரியாதைக்காக ஆட்டும் தலை அது என்று ஞானசௌந்தரிக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்தவக் கோயிலில் ஆராதனை முடிந்ததும் ஒரு ஜட்கா வண்டி பிடித்து அவள் கோவில்பதாகைக்கு வந்து சேர்ந்தாள். நாகவல்லி கொட்டகையிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஞானசௌந்தரி அங்கேயே போய், கவிழ்த்து வைத்திருந்த கூடையின் மேல் உட்கார்ந்தாள்.

"உம் மனசுல கீறத சொல்லு. நான் சிரிக்க மாட்டேன்."

நாகவல்லி மாங்காட்டுக் கதையைச் சொன்னாள். "அம்மன் போயிட்டா. நெருப்பு போலியே, நர்சம்மா."

ஞானசௌந்தரி கும்பிடும் சாமி வேறு. ஆனாலும் அவள் அந்தக் கதையைத் தள்ளவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்.

"அந்த நெருப்பு ஏன் அணையல? வெறக யாரும் எடுக்கல, அதான். அங்கியே போட்டுட்டுப் போயிட்டாங்க. உங் கன்னத்துல வச்ச வெறகு அந்த ஊசிங்க. டாக்டரு வைக்கும்போது எண்ணிக் குடுத்தவ நானு. எடுக்கும்போது எண்ணி வாங்கி ஈயப் பொட்டியில வச்சிப் பூட்டினவளும் நானு. ஒண்ணு கொறஞ்சிருந்தாலும் அன்னிக்கி என்னை ஊட்டுக்கே உட்டிருக்க மாட்டாங்க. வெளக்க வெளியில எடுத்துனு போயிட்டா வெளிச்சம் மட்டும் ரூமுல நிக்குமா?"

நாகவல்லியின் பார்வை நர்ஸின் விரல்களில் நின்றது. நுனிகளில் தோல் வறண்டு, மரப்பட்டைபோல் வெடித்திருந்தது. நகங்கள் பிளந்திருந்தன.

"இது இன்னா, நர்சம்மா?"

"தெனம் வெறகு அடுக்கற கை, கொஞ்சம் காயத்தான் செய்யும். இடுக்கியாலதான் எடுக்கறோம். இருந்தாலும் வருசக்கணக்கா ஆச்சே." ஞானசௌந்தரி கைகளை மடியில் மூடிக்கொண்டாள். "எனக்குக் கல்யாணம் ஆவல. எங்கக்கா பசங்களத்தான் தூக்கி வளத்தேன். இந்தக் கையாலதான். அதுங்களுக்கு ஒண்ணும் ஆவல. ஊசி பொட்டியில இருக்கும், நான் ஊட்டுல இருப்பேன்."

பிறகு அவள் எழுந்து முற்றத்துக்குப் போய், சொர்ணத்திடம் கை நீட்டினாள். குழந்தை தயங்காமல் வந்தது. வந்ததும் அவள் மார்பில் குத்தியிருந்த கடிகாரத்தைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது. வெடித்த அந்த விரல்கள் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்தன.

நாகவல்லி கொட்டகை வாசலில் நின்று பார்த்தாள். நாள்தோறும் அந்த நெருப்போடு புழங்கும் கை என் பிள்ளையைக் கூசாமல் தூக்குகிறது. ஒரு வாரம் பட்ட நான் ஒதுங்கி நிற்கிறேனே என்று நினைத்தாள். கால்கள் தாமாக நடந்தன. முற்றத்துக்கு வந்து, இரண்டு கைகளையும் நீட்டினாள்.

குழந்தை அவளைப் பார்த்தது. உதட்டைப் பிதுக்கியது. பிறகு வீறிட்டு அழுதுகொண்டு சொர்ணத்தின் பக்கம் சாய்ந்தது.

நாகவல்லியின் கைகள் தாழ்ந்தன. "எம் பொண்ணுக்கு என்னைத் தெரியல, அக்கா."

சொர்ணம் குழந்தையை வாங்கவில்லை. வாங்கியிருந்தால் அழுகை அப்போதே நின்றிருக்கும். அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"மூஞ்சிதான் தெரியல. கொரலு தெரியும். தெனம் பொழுதுசாய நீ மாட்டாண்ட பேசறியே, அப்ப இவ வெளையாட்ட உட்டுட்டு செவுத்தாண்ட போயி குந்திக்குவா. அந்த மாரி பேசு."

"மாட்டாண்ட பேசற மாரியா?"

"ஆமா. நீ இன்னா பேசறேன்னு எனக்குத் தெரியாதா? மாட்டுக்கு எதுக்குடி அவ்ளோ சத்தம்?"

திண்ணையோரம் நின்றிருந்த எத்திராஜ் ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டான். நாகவல்லி இறுகிய வாயைத் திறந்தாள். "வாடிம்மா. என் லச்சு. சாப்ட்டியா நீ? ஏன் மூஞ்சி வாடிக் கீது?"

குழந்தை அழுகையை நடுவில் நிறுத்தியது. கொட்டகைச் சுவரைத் திரும்பிப் பார்த்தது. அப்புறம் இவள் வாயைப் பார்த்தது. அந்தக் குரல் இங்கிருந்தா வருகிறது என்பதுபோல் கையை நீட்டி, கருத்துப்போன கன்னத்தின் மேல் வைத்தது.

கொட்டகையில் லட்சுமி தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து ஒரு குரல் கொடுத்தது. சொர்ணம் சிரித்துவிட்டாள். குழந்தையும் சிரித்தது. நாகவல்லி அதை வாங்கி மார்போடு அணைத்தபோது, அவளுடைய ரவிக்கை மறுபடி நனைந்தது. அன்று அவரைக்கொடிக்கு ஒன்றும் இல்லை.

ஜட்காக்காரன் அவசரப்படுத்தினான். ஞானசௌந்தரி புறப்பட்டாள்.

"கொஞ்சம் குந்துங்க நர்சம்மா" என்றாள் நாகவல்லி. மடியில் குழந்தை குடித்தபடியே தூங்கிவிட்டிருந்தது. சொர்ணம் காலையில் கடைந்த வெண்ணெயை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தாள். நாகவல்லி ஒரு கையால் குழந்தையை அணைத்துக்கொண்டு, மறு கையால் நர்ஸின் விரலைப் பற்றி, வெடிப்பு வெடிப்பாக வெண்ணெய் தடவினாள்.

"இதுக்கு இது கேக்காது, நாகவல்லி."

"கேக்காட்டி போவுது. அந்தக் கையையும் குடுங்க."

ஞானசௌந்தரி மற்றக் கையையும் நீட்டினாள். அந்தக் கையைப் பிடித்து வெகு நாளாக யாரும் தடவிக்கொடுத்ததில்லை. அவள் தூங்கும் குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.