பத்தொன்பது போனுக்கு ஒரே கணக்கு

செல்லியம்மாள் அக்காவின் போன் பூட்டிக்கொண்டதற்கு நான் காரணமில்லை. அது திறக்காமல் போனதற்கு நான்தான் காரணம்.

என் அண்ணன் ஜோபினுக்குச் சந்தவாசலில் மொபைல் கடை. பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்ததிலிருந்து நானும் அங்கே உட்கார்கிறேன். போன் வாங்குகிறவர்களுக்கு ஜிமெயில் கணக்கு தொடங்கித் தருவது என் வேலை. அதற்குப் பெயர், பிறந்த தேதி எல்லாம் கேட்க வேண்டும். முன்பின் தெரியாதவர்களிடம் எனக்கு வாய் வராது. ஜவ்வாது மலை ஊர் ஒன்றிலிருந்து முதலில் வந்த சுந்தரம்மாளிடம் எப்படியோ கேட்டு ஒரு கணக்கு தொடங்கினேன். அதே ஊரிலிருந்து அடுத்து வந்தவருக்கும் அதையே போட்டேன். அப்படியே பத்தொன்பது பேருக்கு.

"ஊர்ல இருக்கிற எல்லா நம்பரும் எம் போன்ல தானா வந்துடுச்சும்மா" என்று ஒருவர் பாராட்டிவிட்டுக்கூடப் போனார். தலையாட்டினேன்.

போன வாரம், அந்தப் பத்தொன்பதில் ஒருவரான செல்லியம்மாள் அக்கா மலையிறங்கி வந்தார். ஐந்து வருடப் பழைய போன். புள்ளிகளைக் கோட்டால் சேர்த்துத் திறக்கிற பூட்டு. கோடு மறந்துவிட்டது. ஜோபின் அந்த போனிலிருந்த எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கினான். அப்படியும் பழைய கணக்கில் நுழைந்தால்தான் திறப்பேன் என்று போன் நின்றது.

"அய்யோ, எம் புளியமரம் அதுக்குள்ள கீதே" என்றார் அக்கா.

அவர் நிலத்துக்கும் கோபால்சாமி நிலத்துக்கும் நடுவில் ஓர் எல்லைக்கல். கல் மரத்துக்கு அந்தப் பக்கம், கோபால்சாமி நிலத்தை ஒட்டி இருந்தவரை மரம் அக்காவுடையது. மழைக்காலத்தில் கோபால்சாமி கல்லை மரத்துக்கு இந்தப் பக்கம், அக்கா நிலத்துக்குள் நகர்த்திவிட்டாராம். எப்போதும் அங்கேதான் இருந்தது என்கிறார் அவர். நகர்த்துவதற்கு முன் மரத்தடியில் எடுத்த ஒரே படம் போனில் இருந்தது. வியாழக்கிழமை புளி உலுக்க ஆள் வருகிறது. அதற்குள் மரம் யாருடையது என்று ஊர்க்கவுண்டர் சடையன் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

படம் கணக்கில் பத்திரமாக இருக்கும் என்றேன். கடவுச்சொல் எனக்குத் தெரியும். ஆனால் அதைப் போட்டதும், இந்தக் கணக்கு இருக்கிற வேறொரு போனில் 'ஆம்' சொல்லச் சொன்னது. அந்த போன்கள் எல்லாம் மலைமேல். மூன்று முறை முயன்றோம். மூன்று முறையும் மேலே யாரோ 'இல்லை' என்று அழுத்தினார்கள். தெரியாத எதற்கும் ஆம் சொல்லாதே என்று மகளிர் குழுவில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்களாம்.

புதன்கிழமை நானே பஸ் ஏறினேன்.

மரத்தடியில் பத்துப் பேர் கூடியிருந்தார்கள். அந்தக் கணக்கு உள்ள போனைக் கொண்டுவந்திருந்தவர் கோபால்சாமி மட்டும். நான் கடவுச்சொல்லைப் போட்டேன். அவர் சட்டைப்பையில் மணி அடித்தது.

"நீங்கள்தான் உள்ளே நுழைய முயல்கிறீர்களா?" என்று அவர் உரக்கப் படித்தார். "நான் எங்க நொழையறேன்? இங்கதான நிக்கிறேன்."

"அது நாந்தான்டா" என்றார் அக்கா.

"உம் பேரு இல்லியே. சுந்தரம்மாள்னு போட்டுகீது."

எல்லோரும் திரும்பினார்கள். சுந்தரம்மாள் ஓரமாக நின்றிருந்தார்.

"நான் எதுலயும் நொழையலப்பா. எம் போனே ஆடி மாசம் கெணத்துல வுழுந்துச்சு."

நான்தான் பேச வேண்டியிருந்தது. "எல்லா போன்லயும் ஒரே கணக்குங்க. நான்தான் போட்டேன். தப்புதான்."

"இன்னா சொல்லுது அந்தப் பொண்ணு? காதுல வுழல" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

மறுபடி சொன்னேன். புளியமரத்தைப் பார்த்துச் சொன்னேன்.

சடையன் யோசித்தார். "அப்ப கோபாலு அமுக்கினாத்தான் செல்லியம்மா போன் தொறக்கும்."

"ஆமாங்க."

"பஞ்சாயத்தே அவன் மேலதானம்மா?"

"ஆமாங்க."

கோபால்சாமி 'இல்லை' என்று அழுத்துவார், நான் அடுத்த பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று நினைத்தேன். அவர் சிரித்தார்.

"மூணு நம்பர் காட்டுது. எதும்மா?"

அக்காவின் போனில் தெரிந்த எண்ணைப் பார்த்தேன். "ஐம்பத்தெட்டுங்க."

அழுத்தினார். அக்காவின் போன் திறந்தது. படங்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. அக்காவின் படம் வந்ததும் சடையனிடம் நீட்டினேன்.

ஓர் ஆடு. படம் முழுக்க ஆடு. ஒரு மூலையில் கொஞ்சம் புளியமரம்.

"கல்லு எங்க?"

"ஆட்டுக்குப் பின்னால" என்றார் அக்கா. என் பக்கம் திரும்பினார். "ஆட்ட கொஞ்சம் நகத்து கண்ணு."

"முடியாதுங்கக்கா."

"படிச்ச பொண்ணுதான நீ?"

கோபால்சாமி தொடையில் தட்டிச் சிரித்தார். "எனக்கு எப்பவோ தெரியும். இந்த ஆடு எம் போன்லயும் ரெண்டு வருசமா நிக்குது. அதான் தைரியமா அமுக்கினேன்."

அக்கா மரத்தை நிமிர்ந்து பார்த்தார். கிளைக்குக் கிளை புளி காய்த்துத் தொங்கியது. அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் நான் போனில் படங்களைத் தள்ளிக்கொண்டே போனேன். பத்தொன்பது போன்களின் படங்களும் அதில் இருந்தன. யாருடைய பலாப்பழமோ. யாருடைய கட்டைவிரலோ.

"அது எங்கூட்டு பலா" என்றார் சுந்தரம்மாள் தோளுக்கு மேலிருந்து. "தள்ளாத, பாக்கறேன்."

அடுத்த படத்தில் கோபால்சாமி வந்தார். போன வருடப் பொங்கல் தேதி, மழைக்காலத்துக்கு முன். கருப்புக் கண்ணாடி, பக்கத்தில் புது பைக். ஒரு காலைத் தூக்கி எல்லைக்கல்லின் மேல் வைத்திருந்தார். கல் மரத்துக்கு அந்தப் பக்கம், அவர் நிலத்தை ஒட்டி இருந்தது.

எனக்கு வாய் வரவில்லை. போனைச் சடையன் கையில் கொடுத்தேன். அவர் தூரத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு கல்லைப் பார்த்தார். பிறகு கோபால்சாமியை.

"காலு உன்னுதுதான?"

கோபால்சாமி எட்டிப் பார்த்தார். சிரிப்பு நின்றது. "இத எவன் உள்ள வுட்டது?"

"நீதான்டா" என்றார் அக்கா. "இப்பத்தான அமுக்கின."

"கல்லத் தூக்கு" என்றார் சடையன்.

அது ஒருவர் தூக்குகிற கல் இல்லை. கோபால்சாமி ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார். யாரும் வரவில்லை. கடைசியில் அக்காவே சேலையைச் செருகிக்கொண்டு மறுமுனையைப் பிடித்தார். பாதி வழியில் கோபால்சாமி மூச்சு வாங்கிக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"எம்மா, அந்த போட்டோ நல்லா வந்துகீது. எனக்கு அனுப்புறியா?"

"உங்க போன்லயே இருக்குதுங்கண்ணா."

"பேசாம கல்லப் புடிடா" என்றார் அக்கா.